ஏழாவது கேள்வியும் இரண்டு கினிப்பன்றிகளும்

ஊருக்குப் போக இருப்பவர்கள் கினிப்பன்றி வளர்க்கத் தொடங்கக் கூடாது. போய் வந்த பிறகு தொடங்கலாம். இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. ஆனாலும் நான் அதைச் சதுரக் கோடு போட்ட தாளில் அட்டவணையாக்கி, கிழமைகளுக்கு நிறம் தீட்டி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். யூலை இரண்டாம் கிழமை புறப்பாடு. யாழ்ப்பாணத்தில் இருபத்தெட்டு நாள். ஓகஸ்ட்டில் திரும்பி வந்து ஒரு கிழமை களைப்பு. செப்டெம்பர் முதலாம் கிழமை: கினிப்பன்றி, இரண்டு. இருபத்தெட்டு நாளுக்கும் காரணம் இருந்தது. யேர்மன் கடவுச்சீட்டுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முப்பது நாள் விசா குத்துவார்கள். இரண்டு நாளைக் கைக்காவலாக விட்டிருந்தேன்.

மனைவி தேநீர்க் கோப்பையுடன் வந்து நின்று அட்டவணையை மேலிருந்து கீழாக வாசித்தாள்.

“நீங்கள் செப்டெம்பர் எண்டு எழுதினது எது நடந்திருக்கு?” என்றாள். “எனக்கு இப்ப வேணும்.”

அவள் எதையும் இப்ப வேணும் என்று கேட்கிறவள் அல்ல. யேர்மனிக்கு வந்த இருபது வருடத்தில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஒன்று தையல் இயந்திரம், மற்றது நான் புகைப்பதை நிறுத்துவது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் அட்டவணையைத் திருத்தத் தொடங்கினேன்.

நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் கந்தோரில், பதினெட்டு வருடம் இருந்தவன். இங்கே பீலெஃபெல்டில் ஒரு தளபாடத் தொழிற்சாலையின் களஞ்சியத்தில், சாமான் அனுப்பும் பகுதியில் வேலை செய்து, அதற்கு முதல் வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். வேலை விட்டாலும் படிவங்கள் என்னை விடவில்லை. எங்கள் ஆட்களில் எவருக்காவது மஞ்சள் உறையில் அரசாங்கக் கடிதம் வந்தால், அதைப் பிரிக்காமலே என்னிடம் கொண்டுவருவார்கள். குடும்பத்தைக் கூப்பிடுவது, பிரசாவுரிமை, பிள்ளைகளின் உதவிப்பணம், எல்லா அன்ராக்கும், அதாவது விண்ணப்பமும், நான் எழுதியவைதான். எழுதும்போது எல்லோருக்கும் ஒரே புத்திமதி சொல்வேன்: பிழையை எழுதினால் திருத்தலாம், பொய்யை எழுதினால் அதைக் காப்பாற்ற இன்னும் பத்துப் படிவம் எழுதவேண்டி வரும். இதை நான் சொல்லும் தொனி பலருக்குப் பிடிப்பதில்லை என்று மனைவி சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அடுத்த மஞ்சள் உறையுடன் அவர்கள் வரத்தான் செய்தார்கள்.

மனைவி ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தவள். அங்கே கூடத்தில் பெரிய கூடொன்றில் கினிப்பன்றிகள் இருந்தன. ஞாபகம் தவறிய கிழவர்களுக்கு அவை ஒரு பராக்கு. கரட் இலையும் கொத்தமல்லித் தண்டும் வீட்டிலிருந்து இவள்தான் கொண்டுபோவாள். இடுப்பு நிமிராமல் நாரி நோவு வந்து வேலையை விட்ட நாளில், கூட வேலை செய்தவர்கள் கேக் வெட்டி வழியனுப்பியபோது சிரித்தாள். கூட்டருகில் போய்த்தான் அழுதாள். மகனும் வேலையோடு வேறு நகரத்துக்குப் போய்விட்டான். எங்கள் ஆட்கள் எலிச்சாதியில் எதைக் கண்டாலும் அடிக்கத் தும்புத்தடியைத் தேடுகிறவர்கள். இவளிடம் அந்தக் குணம் இல்லை.

பயணமே அவளுக்காகத்தான். அவளுடைய தமக்கை யாழ்ப்பாணத்தில் தனியே இருந்தார். சகோதரிகள் ஒருவரையொருவர் கண்டு இருபது வருடம். யுத்தத்தில் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் தாயைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வன்னிக்குப் போனவர் அந்தத் தமக்கை. தாய் அங்கேயே அடுத்த வருடம் ஆடியில் இறந்துபோனார். செய்தி எங்களுக்கு மூன்று மாதம் கழித்துக் கடிதத்தில் வந்தது. இப்போது சமாதான காலம் என்றார்கள். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்தது. தமக்கைக்கு இருதயம் பலவீனம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அம்மாவின் திவசத்தை இந்த முறை இரண்டு பெண்பிள்ளைகளும் ஒன்றாக நின்று செய்யவேண்டும் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. திவசம் திதிப்படி வருவது. எந்த அரசாங்கக் கந்தோரிலும் அதற்கு வேறு தவணை வாங்க முடியாது.

நான் காலையும் மாலையும் செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். பாதையா இருதயமா, எது முதலில் அடைபடும் என்பதே என் பயம். தமக்கை தொலைபேசியில் வரும்போதெல்லாம் மனைவி, “ஓம் அக்கா, ஓம் அக்கா” என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு ரிசீவரை என் கையில் தந்துவிடுவாள். நீண்ட பிரிவின் கூச்சம் என்று நினைத்தேன்.

ஊருக்குப் போகும் செய்தியை எங்கள் ஆட்கள் மற்றவர்களுக்குச் சொல்வதில்லை. நாவூறு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பொதி. இன்னார் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்துவிட்டால் போதும். மாமிக்கு மூட்டுவலித் தைலம், தங்கச்சி மகளுக்குச் சப்பாத்து, ஆருக்கோ மணிக்கூடு, எல்லாம் “சின்னப் பாசல்தான் அண்ணை” என்று வாசலில் வந்து நிற்கும். ஆகவே விமான ரிக்கற்றை எங்கள் நகரத்தில் எடுக்காமல் பிராங்பேர்ட்டில், எங்களைத் தெரியாத ஒரு கடையில் எடுத்தேன். மகனையும் கீழ்வீட்டு யேர்மன் கிழவியையும் தவிர எவருக்கும் தெரியாது. கிழவியிடம் சொன்னதும் கினிப்பன்றிகளை முன்னிட்டுத்தான். நாலு கிழமை புல்லும் தண்ணீரும் வைக்க ஒத்துக்கொண்டார்.

திருத்திய அட்டவணை இதுதான்: மே இரண்டாம் சனிக்கிழமை கினிப்பன்றிகள் வருகின்றன. எட்டுக் கிழமை எங்களோடு பழகுகின்றன. பிறகு கிழவியின் பொறுப்பு. நானே வாசித்து நானே மெச்சிக்கொண்டேன்.

மிருகக் காப்பகம் நகரத்தின் ஓரத்தில் இருந்தது. அங்கே கடையில் சாமான் வாங்குவதுபோல எடுத்துக்கொண்டு வர முடியாது. பொறுப்பாக இருந்த பெண்மணி எங்களை இருத்தி, படிவத்தைத் தன் முன்னால் வைத்து, கேள்விகளைத் தானே உரக்க வாசித்துப் பதில்களைத் தானே எழுதினார். கூட்டின் நீள அகலம், வீட்டில் எவருக்காவது புல் ஒவ்வாமை, வேறு பிராணி உண்டா. எல்லாவற்றுக்கும் நான் தயாராகப் போயிருந்தேன். சின்னப் பிராணிகளுக்கு வீட்டுச் சொந்தக்காரரின் அனுமதி தேவையில்லை என்பதை அவர் கேட்கும் முன்பே சொன்னேன். மேசையில் ஓட்டைகள் போட்ட அட்டைப் பெட்டி இருந்தது. உள்ளே இரண்டு பெண் கினிப்பன்றிகள், ஒன்று மண்ணிறம், மற்றது கறுப்பும் வெள்ளையும். நாலு நாளைக்கு முன்னர் எவரோ வாசலில் வைத்துவிட்டுப் போனவையாம். மனைவி பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஏழாவது கேள்வி: அடுத்த ஆறு மாதத்தில் நீண்ட பயணம் ஏதும் உண்டா? உண்டென்றால் திரும்பி வந்த பிறகு எடுப்பது நல்லது என்று அவரே சேர்த்துச் சொன்னார்.

இந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இருந்தது. கிழவியின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், எல்லாம் தட்டச்சில். அதை எடுக்கக் கைப்பையைத் திறந்தபோது, கதவடியில் நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள்.

“அண்ணை, நீங்களோ?” என்றாள்.

எங்கள் ஆள். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய பிரசாவுரிமை அன்ராக்கை எழுதிக் கொடுத்திருந்தேன். தாய் இருப்பது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிப் பக்கம் என்பது அந்தப் படிவத்திலிருந்து எனக்கு நினைவிருந்தது. டொச் மொழியும் நன்றாக விளங்கும். நான் யூலை என்று ஒரு சொல் சொன்னால் மாலைக்குள் பீலெஃபெல்ட் முழுவதும் பொதி கட்டத் தொடங்கிவிடும்.

பெண்மணி பேனையோடு காத்திருந்தார். நான் கைப்பையை மூடினேன்.

“இல்லை,” என்றேன்.

அவர் ‘இல்லை’க் கட்டத்தில் புள்ளடி போட்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் சமயோசிதத்தை மெச்சுகிறாள் என்று எண்ணினேன். இருவரும் ஒப்பமிட்டோம். ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் தடித்த எழுத்தில் இருந்தன. பிராணிகளை வேறொருவரின் பொறுப்பில் விடுவதானால் காப்பகத்தைக் கேட்க வேண்டும். காப்பகத்திலிருந்து முன்னறிவித்தல் இல்லாமல் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

அன்றிலிருந்து வாசல் மணி அடித்தால் காப்பகத்து ஆட்களோ என்று எட்டிப் பார்ப்பேன். தபாற்காரன், புகைபோக்கி துப்புரவு செய்பவன், எவன் வந்தாலும் முதலில் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த அட்டவணையைக் கழற்றுவேன். பயணப் பெட்டிகளைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். வீட்டில் சமாதான காலத்திலும் ஒரு சோதனைச் சாவடி. மனைவியோ கினிப்பன்றிகளுடன் தரையில் இருந்தாள். குளிர்சாதனப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டால் அவை விசிலடிக்கும். இவள் வெள்ளரிக்காய்த் துண்டோடு போவாள். அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்ததை நான் பல வருடங்களாகக் காணவில்லை. பயணத்துக்கு வேண்டிய எதையும் அவள் எடுத்துவைக்கவும் இல்லை. நான் அதைக் கண்டேன்; கண்டும் கணக்கில் எடுக்கவில்லை.

யூன் நடுப்பகுதியில் மண்ணிறத்தி பேரிக்காய்போல ஆனது. அளவுக்கு மிஞ்சிக் கரட் கொடுப்பதாக நான் மனைவியைக் குற்றம் சொன்னேன். அவள் அதன் வயிற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தாள்.

“உள்ளை ஆரோ உதைக்கினம்,” என்றாள்.

மிருக வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெட்டியில் கொண்டுவந்து வைத்தவர்கள் அதற்கு முன் ஆணோடு விட்டிருக்கிறார்கள். நாள் எப்போது என்று கேட்டேன். யூலை முதல் பத்து நாளுக்குள் என்றார். எங்கள் விமானம் எட்டாம் திகதி. குட்டிகள் பெரிய தலையோடு பிறக்கும், சில தாய்கள் தாங்காது, ஒவ்வொரு நாளும் நிறுத்துப் பார்க்க வேண்டும், பழகிய ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது என்றார். மூன்று கிழமையில் ஆண் குட்டிகளைப் பிரிக்காவிட்டால் அவை தாயையே மறுபடி சினையாக்கிவிடும் என்றும் சொன்னார். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

கீழ்வீட்டுக் கிழவி இரு கைகளையும் விரித்துவிட்டார். புல் வைப்பேன், பிள்ளைப்பேறு பார்க்கமாட்டேன் என்றார். குற்றம் சொல்ல முடியாது.

மூன்று இரவு தூங்காமல் கிடந்தபின் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். விடயம்: எனது கூற்றில் திருத்தம். ஏழாம் கேள்விக்கு நான் அளித்த பதில் உண்மைக்கு மாறானது என்பதை இத்தால் அறியத் தருகிறேன். இப்படி ஒரு கடிதத்தை மற்றவர்களுக்காக எழுத நேர்ந்திருந்தால் அவர்களை எவ்வளவு ஏசியிருப்பேன் என்பதை நினைத்துக்கொண்டேன். தபாலில் போடத் துணிவில்லை, நேரே கொண்டுபோனேன்.

பெண்மணி இரண்டு தரம் வாசித்தார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். பொதியைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். சப்பாத்து, மூட்டுவலித் தைலம், ஊர்ச்சனம். பாதியில் என் குரலை நானே கேட்டு நிறுத்திக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை, அதுதான் மோசம். சினைப்பட்ட பிராணியைப் பழக்கமில்லாத ஒருவரிடம் விட அனுமதிக்க முடியாது என்றார். பயணத்துக்கு முன் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்து விடலாம். ஆனால் அவை வேறு வீட்டுக்குப் போய்விடும். அல்லது ஒப்பமிட்ட இருவரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.

வெளியே வந்தேன். நடைபாதையில் அன்று நிலம் துடைத்த அதே தங்கச்சி, கையில் வாளியோடு. எல்லாம் கேட்டுவிட்டாள்.

“எப்ப அண்ணை பயணம்?” என்றாள்.

வீட்டுக்கு வந்து விசயத்தைச் சொன்னபோது மனைவி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டாள்.

“அப்ப நான் நிக்கிறன். நீங்கள் போட்டு வாங்கோ,” என்றாள்.

கவலையோடு சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவள் முகத்தில் இருந்தது ஆறுதல். பரீட்சை ஒத்திவைக்கப்பட்ட பிள்ளையின் முகம். கச்சேரி மேசைக்கு முன்னால் அந்த முகத்தைப் பலரிடம் கண்டிருக்கிறேன். தவணை தள்ளிப்போய்விட்டது என்று கேட்டதும் வருகிற முகம் அது. அப்போதுதான் எனக்கு அட்டவணை முழுவதும் விளங்கியது. என்னுடையது அல்ல, அவளுடையது. பயணத்துக்கு முன் கினிப்பன்றி எடுத்தால் பயணம் கெடும் என்று நான் அவளுக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். அது அவளுக்கு முதலே தெரியும்.

“திவசம் உம்முடைய அம்மாவுக்கு. நான் போய் என்ன செய்யிறது?” என்றேன். “நீர் ஏன் போகப் பயப்பிடுறீர்?”

ஆய்ந்த கொத்தமல்லியைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு எழுந்து அறைக்குப் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசையில் ஒரு கசெற்றை வைத்தாள். உறையில் அவளுடைய எழுத்தில் ‘அம்மாவுக்கு’ என்று இருந்தது.

கடிதம் வாசிக்கக் கண் தெரியாமல் போனபிறகு, மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்று தாய் வன்னியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார். தமக்கை மூன்று கடிதத்தில் எழுதியிருந்தார்: ஒரு கசெற்றில் பேசி அனுப்பு, இங்கே ஒரு வீட்டில் போட்டுக் காட்டுவார்கள். இவள் பேசிப் பதிந்ததும் எனக்குத் தெரியும். போய்விட்டது என்றுதான் எட்டு வருடமாக நினைத்திருந்தேன்.

“முதல்தரம் அழுதுபோட்டன். அம்மா அதைக் கேக்கக்கூடாதெண்டு திருப்பிப் பேசினனான்,” என்றாள். “கசெற் தபாலில போய்ச் சேராது, ஆரும் போனால் குடுத்துவிடுவம் எண்டு வைச்சிருந்தன். அந்த வருசம் எங்கடை ஆக்கள் நாலு பேர் கொழும்புக்குப் போயிருக்கினம். ஒருத்தரும் சொல்லேல்லை. வந்தாப்பிறகுதான் தெரியும். பாசல் தருவினமெண்ட பயம்.”

நான் கசெற்றைத் தொடவில்லை.

“அம்மா கடைசி மட்டும் கேட்டவவாம். கடிதத்தில கிடந்தது,” என்றாள். “அக்கா என்னைக் கண்ட உடனை அதைத்தான் கேப்பா. நான் என்ன சொல்லுறது? எல்லாரும் பயணத்தை ஒளிச்சவை எண்டோ?”

பொதிக்குப் பயந்து பயணத்தை ஒளித்த ஐந்தாவது ஆள் அவள் முன்னால் இருந்தான். நான் யன்னலைப் பார்த்தேன். இதற்குத் திருத்தக் கடிதம் எழுதும் விதி எந்தக் கந்தோரிலும் இல்லை.

“நான் நிக்கிறன். நீர் போம்,” என்றேன்.

“எனக்குத் தனியப் போகத் தெரியாது.”

“தெரியாட்டி எழுதித் தாறன்.”

அவள் சிரிக்கவில்லை. போகேலாது என்றும் சொல்லவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கினிப்பன்றிகளிடம் போனாள்.

அந்தக் கிழமையே பொதிகள் வரத் தொடங்கின. முதலில் வந்தவள் காப்பகத்துத் தங்கச்சி. தாய்க்கு ஒரு சோடி மூக்குக்கண்ணாடி, சின்னப் பெட்டியில். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கூடத்தில் சோபாவை மூடிப் பைகள் குவிந்தன. அந்த நாட்களில் ஒரு பகிடி நகரத்தில் உலாவியது என்று எனக்குக் கேள்வி. ஆனால் அதை என் வீட்டுக்குள்ளேயே வைத்து என் முகத்துக்கு நேரே சொன்னவர், தைலப் போத்தல்களோடு வந்த ஒரு அக்கா.

“எலிக்குப் பிள்ளைப்பேறு பாக்கப் புருசனை விட்டிட்டுப் போறீராம்,” என்றார் மனைவியிடம். “குடுத்து வைச்சனீர். என்ரை மனுசன் எனக்கே பாக்கேல்லை.”

மனைவி எல்லோருடையதையும் வாங்கினாள். ஒன்றையும் மறுக்கவில்லை. நான் தராசோடு குறுக்கே போனபோது, “வையுங்கோ, நான் என்ரை சீலையளைக் குறைக்கிறன்,” என்றாள். மூக்குக்கண்ணாடியையும் கசெற்றையும் மட்டும் கைப்பைக்குள் வைத்தாள்.

நான் நாலு பக்கம் எழுதினேன். பிராங்பேர்ட் நிலையத்தில் எந்தப் படியில் ஏறுவது, கட்டுநாயக்காவில் எந்த வரிசை, வவுனியா பஸ், ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகளில் எந்தப் படிவத்தில் எதை எழுதுவது, எதற்கு வாயைத் திறக்கக் கூடாது. எட்டாம் திகதி விமான நிலையத்தில், சோதனைக்குப் போகும் இடத்தில், அவள் அந்தத் தாள்களை என்னிடம் திருப்பித் தந்தாள்.

“இது உங்களுக்குத்தான் கூட வேணும்,” என்றாள்.

பின்பக்கங்களில் அவளுடைய எழுத்து. காலை என்ன, மாலை என்ன, எந்த மூலையில் துவாய் விரிப்பது, பிறந்த குட்டியைக் கையால் தூக்கலாமா. நான் நிமிர்ந்தபோது அவள் தடுப்புக்கு அப்பால் போய்விட்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திரும்பியே வந்திருப்பாள் என்று எனக்குத் தோன்றியது. அரை மணித்தியாலம் அங்கேயே நின்றேன், வந்துவிடுவாளோ என்று. வருவதை விரும்பினேனா பயந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

மறுநாள் கொழும்பிலிருந்து பேசினாள். வந்திட்டன், பஸ்ஸுக்குப் போறன் என்று அவ்வளவுதான். அடுத்த மாலைக்குள் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வரவேண்டும். வரவில்லை. தமக்கையின் அயல்வீட்டு இலக்கம் அடித்தால் கூ என்றது. வானொலியில் வடக்கில் எங்கோ பதற்றம் என்றார்கள். எங்கே என்று சொல்லவில்லை. எத்தனையோ வருடமாக அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலையே மண்ணிறத்தி ஒரு மூலையில் குந்தி நடுங்கத் தொடங்கியது. தாளைத் தேடினேன். ‘துவாயை விரியுங்கோ. பிறகு ஒண்டும் செய்யாதேங்கோ. பாத்துக்கொண்டிருங்கோ.’ என் வாழ்க்கையில் இவ்வளவு கடினமான ஒரு அறிவுறுத்தலை நான் வாசித்ததில்லை. தரையில் இருந்தேன். என் முழங்கால் எழுந்திருக்க ஒத்துழைக்குமா என்பது பிறகு பார்க்க வேண்டிய விசயம். முதல் குட்டி வந்தது, கண் திறந்து, மயிரோடு, ஒரு முழு எலியாக. தாய் அதை நக்கி முடிக்க இரண்டாவது. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. தாய் பக்கவாட்டில் சாய்ந்து மூச்சு வாங்கியது. மிருக வைத்தியரின் இலக்கத்தை அடித்து, மணி போகும்போதே வைத்துவிட்டேன்; தாய் அசைந்தது. மூன்றாவது குட்டி. சொல்ல எவரும் இல்லாததால் கீழே இறங்கிப் போய்க் கிழவியிடம் சொன்னேன். அவர் எனக்குக் கோப்பி போட்டுத் தந்தார்.

வாசல் மணி மறுநாள் காலை அடித்தது. தந்திக்காரன் என்றே நினைத்தேன். தந்தி இல்லாமல் போய் எத்தனை வருடம் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவு வராது. காப்பகத்துப் பெண்மணி நின்றார். முன்னறிவித்தல் இல்லாமல்தான். கூட்டை அளந்தார், தாயைத் தூக்கிப் பார்த்தார், குட்டிகளை எண்ணினார். இரண்டு ஆண், ஒரு பெண் என்றார். பிறகு கோப்பைத் திறந்து என் திருத்தக் கடிதத்தை எடுத்தார். நீங்கள் பயணம் போகவில்லைத்தானே என்றார். இல்லை என்றேன். ஏழாம் கேள்விக்கு நான் சொன்ன அதே பதில், இந்த முறை உண்மையாக. கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு அதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை. கோப்பில் குத்தி வைத்தேன்.

அடுத்த வருடம் நான் தனியே போவதென்று பிறகு ஒரு அட்டவணை போட்டேன். அதற்கும் அடுத்த வருடத்துக்கும் போட்டேன். சண்டை மறுபடி தொடங்கிப் பாதை அடைபட்ட பிறகு அட்டவணை போடுவதை விட்டேன்.

குட்டிகள் பிறந்த மூன்றாம் நாள்தான் தொலைபேசி அடித்தது. முதலில் வந்தது தமக்கையின் குரல்.

“என்ன, உங்கடை எலி பெத்திட்டுதோ?” என்றார். “இவள் வந்த நேரம் தொடக்கம் அதுதான் கதை.”

“மூண்டு, மச்சாள். தாயும் பிள்ளையளும் சுகம்,” என்றேன். அயல்வீட்டு லைன் இரண்டு நாளாக வேலை செய்யவில்லையாம், வேறொன்றுமில்லையாம். அதை அவர் எவ்வளவு இலேசாகச் சொன்னார். பிறகு மனைவி வந்தாள்.

நான் கேட்க நினைத்த ஒன்றையும் கேட்கவில்லை. “அக்கா கேட்டவவோ?” என்றேன்.

“இல்லை. ஒண்டும் கேக்கேல்லை. கண்ட உடனை, மெலிஞ்சு போனாய் எண்டவ,” என்றாள். “நான்தான் எடுத்துக் குடுத்தனான். இந்த அயல்வீட்டுக் கசெற் பெட்டியிலதான் போட்டது. இப்ப மூண்டாந்தரம் கேக்கிறா.”

அவள் பேசுவதை நிறுத்தியபோது அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. இரைச்சலோடு, கொஞ்சம் வேகமாக. அம்மா, நான் இஞ்சை சுகமாயிருக்கிறன், குளிர்தான் கொஞ்சம். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் குசினி மேசையில், என் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசிய குரல். அதற்கு மேலே இப்போதைய குரல்.

“ஆண் குட்டி எத்தினை?”

“ரெண்டு.”

“மறக்காமல் பிரியுங்கோ. இருபத்தொண்டாம் நாள்.”

எழுதிக்கொள்கிறேன் என்றேன். அவள் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே கசெற் ஓடிக்கொண்டிருந்தது.